குடற்புழு மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?

வீட்டுக் கோழிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டோம், அது இடுகிற முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடாமல் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன மருந்து என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில்.

நான் கானாடுகாத்தான் பக்கம். எங்கள் தோட்டத்தில் மாமியார் காலத்திலிருந்தே நாட்டுக்கோழி உண்டு. மழைக்காலம் முடிந்தால் எச்சத்தில் புழு தெரியும், கோழி மெலியும், மருந்து கொடுக்காமல் முடியாது.

ஃப்ளூபெண்டசோல், ஃபென்பெண்டசோல் என்ற இரண்டு மருந்துக்கும் முட்டைக் கோழிக்கென்றே அனுமதி பெற்ற தயாரிப்புகள் சில நாடுகளில் இருக்கின்றன. அவற்றைச் சொன்ன அளவில் கொடுத்தால் ஒரு நாள்கூட முட்டையை விட வேண்டியதில்லை. ஃபென்பெண்டசோல் என்றால் கோழியின் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், தண்ணீரில் கலந்து 5 நாள். இந்தச் சலுகை அந்தத் தயாரிப்புக்கும் அந்த அளவுக்கும் மட்டும்தான். ஆட்டுக்கு வாங்கி வைத்த புட்டியிலும் அதே பெயர்தானே இருக்கிறது என்று கண்ணளவில் ஊற்றிவிட்டு, முட்டையை அன்றைக்கே எடுத்துக்கொள்ள முடியாது.

நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது பைபரசின், ஆல்பெண்டசோல், லெவாமிசோல். சிலர் ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினையும் கோழிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றைக் கொடுத்திருந்தால் புட்டியின் ஒட்டுத்தாளில் முட்டைக்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. இல்லாவிட்டால் புட்டியையே எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும். முட்டை இடுகிற கோழியை அறுத்தால் உள்ளே முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் குலையாகத் தொங்கும். கடுகளவில் ஒன்று, சுண்டைக்காய் அளவில் ஒன்று, நெல்லிக்காய் அளவில் ஒன்று, நாளைக்கு இட வேண்டியது முழு அளவில். வெள்ளைக்கருவும் ஓடும் சேர ஒரு நாள் போதும். மஞ்சள் கரு கடைசியாக வேகமாகப் பெரிதாவதற்கே ஏறக்குறைய 10 நாள் ஆகும். இன்று கோழியின் ரத்தத்தில் மருந்து இருந்தால், வளர்ந்துகொண்டிருக்கிற அத்தனை கருவிலும் அது போய்ச் சேரும். கடைசிக் கரு முட்டையாகி வெளியே வர ஒன்றரை வாரம் ஆகிவிடும். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைவது, மஞ்சள் கருவோ கொழுப்பு நிறைந்தது. அதனால் அது இன்னும் நீண்ட நாள் தங்கும்.

முட்டைக் கோழிக்கு அனுமதி இல்லாத மருந்தை மருத்துவர் வேறு வழியில்லாமல் கொடுத்தால் குறைந்தது 10 நாள் முட்டையை விட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டியே வருகிறது. எங்கள் வீட்டில் ஒட்டுத்தாளில் ஒன்றும் எழுதாத மருந்துக்கு, கடைசி வேளை மருந்திலிருந்து இரண்டு வாரம் விடுகிறோம். ஐவர்மெக்டின் கொடுப்பதே இல்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி, "நல்லா அவிச்சுட்டா மருந்தெல்லாம் போயிரும்த்தா" என்பார்கள். போகாது ஆச்சி. வேகவைத்தால் கிருமி சாகும். மருந்து அப்படியில்லை, அவித்தாலும் பொரித்தாலும் அதை நம்பி இருக்க முடியாது.

இன்னொன்றும் கேட்பார்கள்: பள்ளிக்கூடத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாத்திரையும் ஆல்பெண்டசோல்தானே? ஆமாம், அதேதான். அந்த மாத்திரை 400 மில்லிகிராம். ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கொடுத்தால்கூட மொத்தமே 30தான் வரும், அதில் ஒரு சிறு பங்குதான் ஒரு முட்டைக்குப் போகும். ஆகவே தெரியாமல் ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாத்திரையைக் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கொடுக்க மாட்டார்கள். முட்டையைத் தேடித் தேடி ஊட்டுவது யாருக்கு? பிள்ளைத்தாய்ச்சிக்கும் குழந்தைக்கும்தான். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். விட்ட முட்டையை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதோ சந்தையில் விற்பதோ மகா தப்பு. அடைக்கும் வைக்க வேண்டாம், கோழிக்கே உடைத்துப் போடவும் வேண்டாம். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

புழு முட்டை வழியாக நமக்கு வந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். கோழியின் உருண்டைப்புழு மனிதருக்குத் தொற்றாது. எப்போதாவது அபூர்வமாக ஒன்று முட்டைக்குள்ளேயே கிடக்கும், பார்க்க அருவருப்பு, அந்த முட்டையைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. நாய் உண்ணிக்குப் போடும் சொட்டு மருந்தைக் கோழிப்பேனுக்குப் போடுவதுதான் நிஜமாகவே ஆபத்து. 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிப்பண்ணைகளில் உண்ணிக்கு ‘ஃபிப்ரோனில்’ என்ற பூச்சிக்கொல்லியை அடித்து, லட்சக்கணக்கில் முட்டைகளை அழிக்க வேண்டி வந்தது. அந்த ஃபிப்ரோனில்தான் நாய்ச்சொட்டு மருந்து பலவற்றிலும் இருக்கிறது.

சரி, முட்டை வீணாகாமல் மருந்து கொடுக்க வழி இருக்கிறதா? நாட்டுக்கோழியில் இருக்கிறது. பண்ணைக்கோழி மாதிரி அது ஆண்டு முழுக்க இடுவதில்லை. ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து இட்டு, 21 நாள் அடை உட்கார்ந்து, பிறகு குஞ்சோடு திரியும். குஞ்சோடு திரிகிற நாளில் முட்டையே கிடையாது, அந்தச் சமயத்தில் கொடுங்கள். ராத்திரி பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, காலையில் இரை போடுவதற்கு முன் மருத்துவர் சொன்ன அளவை ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். பைபரசின் வளர்ந்த புழுவைத்தான் கொல்லும் என்பதால் மூன்று நான்கு வாரம் கழித்து இரண்டாவது முறையும் கொடுக்க வேண்டியிருக்கும். தாய்க்கோழி திரும்ப முட்டைக்கு வருவதற்குள் அதையும் முடித்து, இரண்டு வாரமும் கழிந்துவிடும்படி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.