பத்தாம் வகுப்பு முடித்த மகளுக்கு எந்த குரூப்: கஷ்டமான பயோ-மேத்ஸா, மார்க் அதிகம் வரும் குரூப்பா? (கடலூர்)

டோட்டல் எவ்வளவு வரும் என்ற கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, மகள் சேர நினைக்கும் கல்லூரி பிளஸ் டூவின் 600 மார்க்கில் எந்தப் பாடங்களைப் பார்க்கிறது என்று பாருங்கள். குரூப்பை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கிண்டிக் கல்லூரியோ பண்ருட்டிக் கல்லூரியோ, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் (தரவரிசைக்கான மார்க்) 200-க்கு. கணிதம் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. ஒரு மாணவி கணிதம் 88, இயற்பியல் 90, வேதியியல் 92, கணினி அறிவியல் 100 வாங்குகிறாள். இன்னொருத்தி கணிதம் 94, இயற்பியல் 90, வேதியியல் 92, உயிரியல் 82. நான்கு பாடக் கூட்டலில் முதல் பெண் 370, இரண்டாமவள் 358. கட் ஆஃபிலோ முதல் பெண்ணுக்கு 179, இரண்டாமவளுக்கு 185. கணினியில் வாங்கிய சென்டம் கட் ஆஃபில் ஏறவே இல்லை. அதே இருவரும் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் மொழிப் பாடம் நீங்கலான 400-க்குத்தான் தரவரிசை. அங்கே 370 முந்தும்.

அதனால் உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் இருக்கும் கம்ப்யூட்டர் குரூப்பின் லாபம் சென்டத்தில் இல்லை, உயிரியல் படிக்காமல் மிச்சமாகும் நேரத்தில் இருக்கிறது. அந்த நேரம் கணிதத்துக்குப் போனால்தான் பலன். மருத்துவம், வேளாண்மை பற்றி மகளுக்கு உண்மையாகவே எண்ணம் இருந்தால் மட்டும் பயோ-மேத்ஸ் (கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்) எடுக்கட்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்தால் உயிரியல் வாசிப்பு கணிதப் பயிற்சியைத் தின்றுவிடும். கணிதத்தில் போகும் ஒரு மார்க் கட் ஆஃபில் வேதியியலின் இரண்டு மார்க்குக்குச் சமம்.

நீட், ஜேஇஇ கதை வேறு. நீட் வழியில் மருத்துவம் சேரப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் தேறியிருக்க வேண்டும், இடத்தைத் தீர்மானிப்பது நீட் மார்க்தான். ஜிப்மர் எம்பிபிஎஸ்ஸும் 2020 முதல் நீட் வழிதான். ஜேஇஇ வழியாகப் போகும் ஐஐடிக்குப் பிளஸ் டூவில் பொதுவாக 75 சதவீதம் என்பது ஒரு வேலி. தாண்டிய பிறகு 80-உம் 98-உம் ஒன்றே, ரேங்க்கைத் தீர்மானிப்பது நுழைவுத் தேர்வு. இந்த வழியில் போகிறவள் போர்டு மார்க்குக்காகப் புத்தகத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்து வருடத்தைக் கழிப்பது வீண்.

கணிதமே வேண்டாம் என்று ப்யூர் சயின்ஸ் எடுப்பதில்தான் எனக்குப் பயம் அதிகம். நீட் கைகொடுக்காவிட்டால் பொறியியலின் பெரும்பாலான பிரிவுகளும், டெல்லிப் பல்கலைக்கழகப் பொருளாதார ஆனர்ஸ் போன்றவையும் அடைபட்டுவிடும். நீட்டின் 180 கேள்விகளில் 45 இயற்பியல். வகையிடலும் முக்கோணவியலும் கை வராத பிள்ளைகள் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

புதுச்சேரிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்க நினைத்தால் இரண்டு விஷயம். மகள் இதுவரை கடலூர் அரசுப் பள்ளியில் படித்திருந்தால், எல்லை தாண்டியதும் மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பொதுக் கலந்தாய்வுக்கும் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று தேவைப்படும். அடுத்தது, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ. சிபிஎஸ்இயில் 'அப்ளைடு மேத்ஸ்' எளிது என்று யாராவது சொன்னால், அது வணிகவியல், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்காக வகுத்த பாடம் என்பதை நினைவில் வையுங்கள். பொறியியல் எண்ணம் இருந்தால் 'மேதமேட்டிக்ஸ்' என்ற பாடத்தையே கேட்டு வாங்குங்கள்.

இந்த விடுமுறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்புக் கணிதம் முதல் தொகுதியில் முக்கோணவியல் பாடம் இருக்கிறது. எடுத்துக்காட்டுக் கணக்குகளைப் படித்துவிட்டு, கைடு இல்லாமல் பயிற்சிக் கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். பாதி தேறினால் கணிதத்தோடு தாராளமாகச் சேர்க்கலாம். தேறாவிட்டால், எந்த வரியில் நிற்கிறாள் என்று பாருங்கள். சூத்திரம் மறந்து நின்றால் பயிற்சியில் சரியாகும். பின்னத்தைச் சுருக்குவதிலேயே நின்றால், ஜூனுக்குள் ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தை ஒருமுறை முழுதாகப் போட வையுங்கள்.