60 கட்டுரைகளையும் வரிக்கு வரி திருத்தாதீர்கள்

கேள்வி: கல்லூரியில் முதலாமாண்டுக்குப் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். வகுப்பில் 60 பேர். கட்டுரை கேட்டால் எல்லாம் ஒரே அச்சு, பாதி சாட்ஜிபிடி. ராத்திரி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாலும் மதிப்பெண்ணைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த கட்டுரையிலும் அதே பிழைகள். "அவளுக்கு 8, எனக்கு ஏன் 6?" என்று சண்டை வேறு. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் திருத்துவதைக் குறையுங்கள். தாள் முழுக்கச் சிவப்பு மை என்றால் உழைத்தது நீங்கள்தான், மாணவருக்கு அதில் செய்ய எதுவும் மிச்சமில்லை. ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-இல் ஒரு வழி சொன்னார்: பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள், என்ன பிழை என்று எழுதாதீர்கள், மாணவரே கண்டுபிடிக்கட்டும். அவருடைய மாணவர்கள் இப்படிச் சுமார் 60 சதவீதப் பிழைகளைத் தாங்களாகவே சரிசெய்தார்கள். நம் பிள்ளைகளும் "பேருந்துகள் வந்தது" என்று எழுதுவது பெரும்பாலும் தெரியாமல் அல்ல, திரும்பப் படிக்காமல்தான். குறி போட்ட பிறகும் தப்பி நிற்கிற பிழைகள்தான் உண்மையில் தெரியாதவை, அவற்றுக்கு மட்டும் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒற்றுப் பிழைகளை முதல் பருவத்தில் எண்ணவே வேண்டாம் என்பேன். தமிழ்த்துறையில் இதற்காக என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

மதிப்பெண்ணை உடனே போடாதீர்கள். 1988-இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளி மாணவர்களிடம் செய்த ஆய்வில், குறிப்புரை மட்டும் வாங்கியவர்கள் முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிப்பதில்லை என்பது உங்களுக்கே தெரிந்த கதை. அதனால் இரண்டே வரிக் குறிப்போடு தாளைத் திருப்பிக் கொடுங்கள், மாற்றி எழுதி வந்த பிறகு எண்ணைச் சொல்லுங்கள்.

ஒரே அச்சாக வருவதற்குப் பாதிக் காரணம் தலைப்பு. "செல்போனின் நன்மை தீமைகள்" என்று கொடுத்தால், முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் பழகிய கை "இன்றைய நவீன உலகில் செல்போன் மனிதனின் ஆறாம் விரலாகிவிட்டது" என்றுதான் தொடங்கும். அதையே "நேற்று உன் வீட்டில் போனால் யாருக்கு யார் மேல் கோபம் வந்தது? ஒரு பத்தி எழுது" என்று கேட்டுப் பாருங்கள். "அம்மா சீரியல் பார்க்கும்போது அப்பா ரீல்ஸ் சத்தத்தைக் குறைப்பதில்லை, அம்மா ஒன்றும் பேசாமல் டிவி சத்தத்தைக் கூட்டுவார்" என்பது போல ஒரு வாக்கியம் வரும். இதில் பிழை இருந்தால்கூடத் திருத்த ஆசையாக இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. இந்த முதல் பிரதியை வகுப்பிலேயே, 25 நிமிடத்தில், கையால் எழுத வையுங்கள். வீட்டில் மாற்றி எழுதியதையும் அதனோடு பின் அடித்து வாங்குங்கள். சாட்ஜிபிடி தொல்லை அப்போதே பெருமளவு குறையும். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள்களை மட்டும் நம்பி யாரையும் குற்றம் சாட்டிவிடாதீர்கள், நேர்மையாக எழுதியவர்களும் அதில் மாட்டுகிறார்கள். வாரம் ஒரு பத்தி எல்லோரும் எழுதட்டும், நீங்கள் முறை வைத்து 20 தாள் படித்தால் போதும்.

சரி, 8-ஆ 6-ஆ என்ற சண்டை. அந்த மாணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1961-இல் பால் டீடரிக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னபோது, 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் வாங்கின! அதாவது ஒருவருக்கு அருமையான கட்டுரை இன்னொருவருக்குக் குப்பை. ஆகவே பத்து மதிப்பெண் எதற்கு என்று முன்பே எழுதிப் போடுங்கள்: கருத்துக்கு 4, அதற்குக் காட்டும் உதாரணத்துக்கு 3, ஒழுங்குக்கு 2, பிழையின்மைக்கு 1 என்று நானாக இருந்தால் வைப்பேன். போன வருடத் தாள்களில் மூன்றைப் பெயர் மறைத்து வகுப்பிடமே கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள், அவர்களே அடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். நீங்கள் போடும்போது பெயரை மடித்துவிட்டுப் போடுங்கள், கடைசித் தாள் முடிந்ததும் முதல் ஐந்தை மறுபடி பாருங்கள், கை தாராளமாகவோ கஞ்சமாகவோ மாறியிருக்கும். இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பத்துத் தாளைச் சக ஆசிரியர் ஒருவரிடம் நீங்கள் போட்ட மதிப்பெண்ணைக் காட்டாமல் கொடுத்து மதிப்பிடச் சொல்லுங்கள்; 2-க்கு மேல் வித்தியாசம் வருகிற தாள்களை இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்த பிறகு பட்டியலை ஒட்டுங்கள்.