வாசலுக்கு வரும் கூரைக்காரரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

தம்பி, நீங்கள் மூன்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்சின் ப்ரெத்தாஞ் பகுதியில் வாங்கிய பழைய வீட்டில், போன வாரக் காற்றுக்கு சிலேட்டு ஓடு முப்பது கழன்று விழுந்துவிட்டது. கதவைத் தட்டிய இருவர் "மொத்தக் கூரையும் போச்சு, இன்றே முன்பணம் கொடுங்கள்" என்கிறார்கள், என்ன செய்வது? பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நம் ஊர் அரிசி எங்கே கிடைக்கும்? பள்ளி விவரம் உங்கள் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், சொல்வார்கள். அரிசிக்கு, பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். கூரைக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இருவருக்கும் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து இங்கே ரூவான் நகருக்கு வந்தது 1998-ல். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மாமா வீட்டில் தங்கியிருந்தோம். 1999 டிசம்பர் 26 காலை அடித்த புயலில் பாதிப் பிரான்சே நிலைகுலைந்தது. மாமா பொங்கலுக்காகப் புதுச்சேரி போயிருந்தார். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும், எனக்கு அரைகுறை பிரெஞ்சு. மறுநாளே வேனில் வந்தவர்கள் 6,000 ஃப்ராங்க் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, சரிந்த ஓடுகளின் மேல் தாரைப் பூசிவிட்டுப் போனார்கள். மாசி மாதத்துக்குள் மூன்று அறை ஒழுகியது. தார் பூசிய ஓட்டைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. சொல்லாமல் வேலை செய்துவிட்டீர்கள் என்று இன்சூரன்சும் கையை விரித்தது. மாமா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் முதலில் கீழே நின்றபடியே படம் எடுங்கள். விழுந்த ஓட்டுத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வேலை நாளுக்குள் இன்சூரன்சுக்கு எழுதிவிடுங்கள். வீட்டு இன்சூரன்சிலேயே புயலுக்கான பாதுகாப்பு அடக்கம். அரசு பேரிடர் என்று அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று நம்மவர்கள் சிலர் சொல்வார்கள். அது வெள்ளத்துக்கு, இந்தக் காற்றுக்கு அல்ல. தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் மேலே ஏறவே கூடாது. நம் ஊர் ஓடு போல நினைத்து மிதித்தால் விழுந்தது முப்பது, உடைவது அறுபது ஆகும்.

அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். முதல் 7 நாள் அவர்கள் பணம் வாங்கவே கூடாது.

இப்போது முக்கியமான விஷயம். நல்ல சிலேட்டுக் கல் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். முதலில் சாவது அதைப் பிடித்திருக்கும் ஆணிதான். விழுந்த ஓடுகளை எடுத்துப் பாருங்கள். முழுசாக இருந்து, ஆணித்துளையில் துரு தெரிந்தால் ஆணி போயிருக்கிறது, கல் போகவில்லை. விரலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் அதே ஓட்டைத் திரும்ப ஏற்றலாம். மொத்தென்று கேட்டால், அல்லது ஏடு ஏடாகப் பிரிந்தால், அதன் காலம் முடிந்தது. ஒரு சில ஓடுதான் என்றால், கூரைக்காரர் நீளமான ஆணிபிடுங்கியை ஓட்டுக்கு அடியில் செலுத்தி, பழைய ஆணியை இழுத்து அறுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியில் புது ஓட்டை மாட்டிவிடுவார். கடற்கரைப் பக்கம் என்றால் கொக்கி நல்ல எஃகாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்ழே அருகே த்ரெலாஸே சிலேட்டுச் சுரங்கத்தை 2013-ல் மூடிவிட்டார்கள். இன்று வரும் கல் பெரும்பாலும் ஸ்பெயினுடையது. அதில் குறையில்லை, ஆனால் கனமும் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

உள்ளூர்க் கூரைக்காரர்கள் இரண்டு பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். பத்து வருட உத்தரவாதக் காப்பீட்டுச் சான்று, அதிலும் கூரை வேலைக்கானது, கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாசியை அழுத்தத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்கிறேன் என்பவரை உள்ளே விடாதீர்கள்.

நம் ஆட்களில் சிலர், "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுத் தகரம் போடு, செலவு மிச்சம்" என்பார்கள். இருபது வருடம் இங்கே இருந்தும் கூரைக்காரருக்கு பிரெஞ்சில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ளாதவர்கள் அவர்கள். கூவ்ரர், தம்பி. இந்த ஒரு சொல்லோடு நீங்கள் தொடங்குங்கள். எனக்கு இன்று எங்கள் ஊர்க் கூவ்ரர் நண்பர். அவர் ஏறும்போது கீழிருந்து எந்த வரிசை என்று நான்தான் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது இங்கிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பா பேசினார். ஓடு பாதி போச்சு, ஆனால் கிணற்றடியில் அடுக்கி வைத்திருந்த மங்களூர் ஓடு போதும், ரீப்பர் நாலுதான் வாங்க வேண்டும் என்றார். வருடம் பூரா அந்த அடுக்கில் பல்லி குடியிருக்கிறது என்று அம்மா முணுமுணுப்பாள், அவர் அகற்றவே விடமாட்டார்.

இங்கே என் கொட்டகைக்குப் பின்னால் இப்போது எண்பது சிலேட்டு இருக்கிறது, இடித்த ஒரு பழைய களஞ்சியத்தில் வாங்கியது. அளவு சரியாக வந்தால் இருபது உங்களுக்குத் தருகிறேன்.