கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், எங்கள் நலச் சங்கம் இயங்குகிறது. உறுப்பினர்கள் இருநூறு சொச்சம். சந்தா, கல்வி நிதி, மரண சகாய நிதி எல்லாமே நீள நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒரு நிறுவனம் மாதம் 180 ரிங்கிட்டுக்கு உறுப்பினர் மேலாண்மை மென்பொருள் தருவதாகச் சொல்கிறது. புதிய தலைவர் வாங்கிவிடலாம் என்கிறார். பொருளாளர் அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது, கைப்பேசி மட்டும்தான் பழக்கம். வாங்கலாமா?
– சங்கச் செயலாளர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தம்பி. மாதம் 180 என்றால் ஆண்டுக்கு 2,160 ரிங்கிட். பள்ளி திறக்கிற சமயத்தில் அந்தப் பணத்துக்கு எத்தனை பிள்ளைகளுக்குச் சீருடையும் காலணியும் வரும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மென்பொருளுக்குச் செலவழிப்பதே தப்பு என்று சொல்லவில்லை. அதை எதற்காக வாங்குகிறோம் என்பது செயலவையில் இன்னும் பேசப்படவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

நான் செம்பனை ஆலை ஆபீசில் பல வருடம் கணக்கு எழுதியவள். ஊரில் சில சங்கங்களின் புத்தகங்களையும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். நம் சங்கங்களில் பெரும்பாலும் கேட்கப்படுவது மூன்றே விஷயம்: யார் இன்னும் சந்தா கட்டவில்லை, கையிருப்பு எவ்வளவு, யார் யார் உறுப்பினர். அப்புறம் சங்கங்களின் பதிவிலாகா. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் பொறுப்பாளர் விவரமும் வரவு செலவுக் கணக்கும் போய்ச் சேர வேண்டும். இப்போது பதிவிலாகாவின் ஈரோசஸ் என்ற இணையத்தளம் வழியாகவே அனுப்புகிறோம். இத்தனைக்கும் ஒரு கூகள் ஷீட், அதாவது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கட்டம் போட்ட கணக்குத் தாள், போதும்.

ஆனால் அதை ஒழுங்காகப் போட வேண்டும். எல்லோருக்கும் முதலில் ஒரு உறுப்பினர் எண். ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி. இன்னொரு தாளில் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரி: தேதி, உறுப்பினர் எண், ரசீது எண், தொகை, எதற்கு. ஜனவரி, பிப்ரவரி என்று பன்னிரண்டு நெடுவரிசை போட்டு டிக் அடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒருவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினாலோ, சந்தாவோடு கல்வி நிதிக்கும் கொடுத்தாலோ அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. தொலைபேசி எண் நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று முதலிலேயே மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் 012 என்று அடித்தது 12 என்று நிற்கும், முன்னால் உள்ள சுழியம் போய்விடும்.

பெயரில்தான் அதிகச் சிக்கல். அடையாள அட்டையில் உள்ளபடி ரோமன் எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு நெடுவரிசை வையுங்கள். 'இன்னாரின் மகன்' என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கத்தை ஒருவர் போடுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். பெயரை வைத்துத் தேடினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். உறுப்பினர் எண் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பழைய பட்டியல் யாராவது கணினியில் தட்டி வைத்திருந்தால், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை வருவதற்கு முந்திய எழுத்துருவில் இருக்கலாம். திறந்தால் ஏதோ குறிகளாகத் தெரியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. தமிழ் எழுத்துருவிலும் தட்டச்சிலும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றவர்கள் உழைத்த நாடு இது. நம் சங்கப் பட்டியல் தமிழில் இருக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முகவரியையும் பாருங்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உங்கள் பக்கத்துத் 'தென்னமரம்' தோட்டத்தில்தான் தொடங்கியது. அந்த மாதிரித் தோட்டங்களில் பிறந்தவர்கள் இன்று ரவாங்கிலும் புஞ்சாக் ஆலாமிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள். நோட்டில் மட்டும் இன்னும் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) எண்தான் இருக்கும். அதை அப்படியே மென்பொருளில் ஏற்றினால், மாதம் 180 கொடுத்துப் பழைய லயத்தைப் பாதுகாக்கிற வேலைதான் நடக்கும். முதலில் இரண்டு இளைஞர்களை உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விவரத்தைச் சரி பண்ணுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்து முடிக்காத சங்கத்துக்கு எந்த மென்பொருளும் உதவாது.

பொருளாளர் அக்காவுக்கு வருவோம். அவரை ஷீட்டுக்குள் இழுக்காதீர்கள். ஷீட்டோடு இணைந்த ஒரு கூகள் ஃபார்ம் (இணையப் படிவம்) போட்டு, அதன் இணைப்பை அவர் கைப்பேசியின் முகப்பில் வைத்துக் கொடுங்கள். சந்தா வாங்கியதும் உறுப்பினர் எண், தொகை, ரொக்கமா டூயிட்நவ் என்ற வங்கிப் பணமாற்றா, ரசீது எண், அவ்வளவுதான். வரி தானாகப் போய்ச் சேரும். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் அப்படியே இருக்கட்டும். கணக்காய்வாளர் கேட்கும்போது அக்கா நீட்டப் போவது அதைத்தான். டூயிட்நவ் கியூஆர் வைத்தால் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே எடுங்கள், அக்காவின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். அவர் நேர்மையைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது அவரை ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. தோட்டத்தில் செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவுப் புத்தகம் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) வீட்டில் இருந்ததில்லை, ஆபீசில்தான் இருக்கும். கிராணி மாறுவார், புத்தகம் மாறாது. உங்கள் ஷீட்டும் அப்படி இருக்க வேண்டும். செயலாளரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு அமைப்பில் இணையத்தளப் பெயரை ஒரு தொண்டர் தன் கார்டில் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசுதான். பிறகு வேலைக்காக ஜொகூர் போனார், கார்டு காலாவதியானது, புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சல்களை யாரும் பார்க்கவில்லை, தளப் பெயர் போயே போய்விட்டது. சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். மறைச்சொல் செயலாளருக்கும் பொருளாளருக்கும் தெரிந்திருக்கட்டும், இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பாளர் மாறுகிற பொதுக்கூட்டத்தன்றே மறைச்சொல்லையும் மாற்றி, ஒப்படைத்த விவரத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

பதிவு பெற்ற சங்கம் என்றால் கூகளின் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான திட்டத்துக்கு மலேசியாவிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். அமைப்பைச் சரிபார்த்த பிறகு மின்னஞ்சல், ஷீட் எல்லாம் அடங்கிய ஒர்க்ஸ்பேஸ் இலவசம். சொந்தத் தளப் பெயர் ஒன்று வேண்டும், அதற்கு மட்டும் ஆண்டுக்குக் கொஞ்சம் செலவாகும். பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் இல்லை, அவற்றுக்குக் கல்விக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. தைப்பூசப் பந்தலுக்குப் போஸ்டர் செய்கிறவர்களுக்குக் கேன்வா என்ற வடிவமைப்புக் கருவியும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

ஓராண்டு இப்படி ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் ஷீட் போதவில்லை என்றால் அந்த நிறுவனத்தைக் கூப்பிடலாம். கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: நாங்கள் விலகினால் எங்கள் விவரம் அத்தனையும் எக்செல் கோப்பாகத் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும் என்று வாயால் சொன்னால் போதாது, அங்கேயே ஒரு தடவை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கணினித் துறை மாணவன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு நடத்தும் அமைப்புக்குச் சிவிசிஆர்எம் என்ற உறுப்பினர் மேலாண்மை மென்பொருளை நிறுவித் தர விரும்புகிறேன். முழுக்க இலவசம். ஆனால் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.
– பல்கலைக்கழக மாணவர்

பதில்: உங்கள் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. சிவிசிஆர்எம் நல்ல மென்பொருள். பொதுத்தொண்டு அமைப்புகளுக்காகவே உருவானது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். ஆனால் அது பெரும்பாலும் வேர்ட்பிரஸ், ட்ரூபல் போன்ற இணையத்தள மென்பொருள் ஒன்றின் மேல் ஓடும். தனியாக நிறுவினாலும் அதற்கு ஒரு சர்வர், தரவுத்தளம், பாதுகாப்புக்கான புதுப்பிப்புகள், காப்புப் பிரதி எல்லாம் தேவை. நிரலுக்குக் காசில்லை, பராமரிப்புக்கு ஆள் வேண்டும். நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூரில் வேலைக்குப் போன பிறகு, ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு பக்கம் திறக்கவில்லை என்றால் அந்த ஆசிரியை யாரைக் கூப்பிடுவார்? பெரியவர்களின் தயக்கத்தை அறியாமை என்று எண்ணாதீர்கள். அவர்கள் கேட்கத் தெரியாமல் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

அதற்குப் பதிலாக, இரண்டு வாரம் வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். வருகைப் பதிவு எப்படி எடுக்கிறார்கள், எந்தப் பிள்ளை அடிக்கடி வரவில்லை என்பது யாருக்கு எப்போது தெரிகிறது என்று கவனியுங்கள். அந்த ஒன்றைச் சுலபமாக்கிக் கொடுத்தால் பெரிய உதவி. உங்களுக்குப் பின் வரும் மாணவர் ஒருவரையும் இப்போதே கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அமைப்பில் உணவுப் பொட்டலம் வாங்கும் குடும்பங்களின் அடையாள அட்டைப் படங்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் அனுப்பிக்கொள்கிறோம். வேகமாக வேலை முடிகிறது. இதில் தப்பு உண்டா?
– தொண்டர், கோலசிலாங்கூர் வட்டாரம்

பதில்: உண்டு அம்மா, இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். குழுவில் போட்ட படம் உறுப்பினர் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் போய் உட்கார்ந்துவிடும். குழுவை விட்டு விலகியவரின் கைப்பேசியிலும் அது இருக்கும். அட்டை எண்ணும் முகமும் சேர்ந்து கிடைத்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது. அது நமக்குப் பொருந்துமா என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். கஷ்ட காலத்தில் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. சட்டம் கேட்காவிட்டாலும் நாம் காக்க வேண்டும்.

பொட்டலம் கொடுக்க அட்டைப் படம் எதற்கு? நேரில் பார்த்துச் சரிபார்த்து, கடைசி நான்கு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். முழு விவரம் அவசியம் என்றால் இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடிய ஒரு கோப்பில் வையுங்கள். புலனம் பேசிக்கொள்ள, நேரம் சொல்ல, லாரி எங்கே வருகிறது என்று கேட்க நல்லது. ஆவணம் வைக்கிற இடம் அது இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் வாங்கும் தாய்மாரை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதையும் விட்டுவிடுங்கள். அவர் பிள்ளை பள்ளியில் அந்தப் படத்தைப் பார்க்கும். நன்கொடையாளர் அத்தாட்சி கேட்டால், அடுக்கி வைத்த பொட்டலங்களின் படத்தையும், எத்தனை குடும்பத்துக்குப் போனது என்ற எண்ணிக்கையையும், கடை ரசீதையும் அனுப்புங்கள். இதற்கு மேலும் முகம் வேண்டும் என்று கேட்கிறவரிடம், முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.