மேக் இன்ஸ்டால் எங்கே எதைப் போட்டது?

வணக்கம். லினக்ஸில் மூல நிரலிலிருந்து 'மேக் இன்ஸ்டால்' கட்டளையால் நிறுவிய மென்பொருளை மாதக்கணக்கு கழித்து நீக்கப் போனால் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை, அதைக் குறித்து வைக்க ஸ்கிரிப்ட் வேண்டும் என்கிறீர்கள். நானும் மூலக் கோப்புறையை அழித்துவிட்டு, நிறுவியதை நீக்கும் 'மேக் அன்இன்ஸ்டால்' கொடுக்க வழியில்லாமல் விழித்தவன்தான்.

நாலு வரி போதும். 'டச்' கட்டளையால் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். அதுதான் நேர அடையாளம். பிறகு நிறுவலை ஓடவிடுங்கள். முடிந்ததும், இப்படி நிறுவுபவை வழக்கமாகப் போய்ச் சேரும் யுஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் 'ஃபைண்ட்' என்ற தேடும் கட்டளையைப் போட்டு, அந்த அடையாளத்துக்குப் பின் மாறியவற்றை மென்பொருள் பெயரும் தேதியும் கொண்ட பதிவுக் கோப்பில் எழுதுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். 'ஃபைண்ட்' கட்டளையின் 'நியூவர்' என்ற தேர்வு, கோப்பின் திருத்த நேரத்தைப் பார்க்கும். சில நிறுவிகள் பழைய நேரத்தை அப்படியே வைத்து நகலெடுப்பதால் அந்தக் கோப்புகள் பட்டியலில் வராமலே போகும். 'சிநியூவர்' போடுங்கள், அது ஐநோட் (கோப்பைப் பற்றிய விவரங்களைக் கணினி வைத்திருக்கும் பதிவு) மாறிய நேரத்தைப் பார்க்கிறது. சிம்லிங்க்குகளையும் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) சேர்த்துத் தேடுங்கள், நிரல் நூலகங்கள் என்றால் அவை பெரும்பாலும் இருக்கும்.

நிறுவலுக்கு முன் ஓட்டும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த தேர்வுகள், மூலக் கோப்புறையில் உள்ள கான்ஃபிக்.லாக் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கும். அந்த வரியையும் பதிவில் ஒட்டிவிடுங்கள். கான்ஃபிகருக்குப் பதில் சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்தும் மென்பொருள் என்றால் இவ்வளவு பாடு வேண்டாம். பில்ட் கோப்புறையில் நிறுவிய கோப்புகளின் பட்டியலாக 'இன்ஸ்டால்_மேனிஃபெஸ்ட்.டிஎக்ஸ்டி' தானாகவே உருவாகும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டியலை அப்படியே தூக்கி, கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்து, இந்த நிறுவலில் மாறிய கோப்புகளும் அதில் வரும். உதாரணமாக, உதவிப் பக்கங்கள் இருக்கும் இன்ஃபோ கோப்புறையில் உள்ள 'டிர்' என்ற அட்டவணைக் கோப்பு எல்லா மென்பொருளுக்கும் பொதுவானது. அதை அழித்தால் மற்றவற்றின் பக்கங்களும் அட்டவணையிலிருந்து காணாமல் போகும்.