நாடகாசிரியர் தன் கொள்கையை மேடையேற்றலாமா? கேள்வி பதில்

மதுரை வாசகர்: சொந்தக் கொள்கையைப் பரப்ப நாடகத்தைப் பயன்படுத்துவது முறையா?

தாராளமாகச் செய்யலாம். விடுதலைப் போராட்டக் கால நாடக நடிகர் விசுவநாத தாஸ், 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் நின்று கொக்கு பறப்பதைப் பாடினார். அந்த வெள்ளைக் கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று தரை டிக்கெட்காரருக்கும் தெரியும். வள்ளி தினைப்புனம் காக்கும் கதையில் பறவை விரட்டாமல் முடியாது. அரசியல் அங்கே கதைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. என் எச்சரிக்கை ஒன்றுதான்: எதிர்த்தரப்புக்கும் நல்ல வசனம் கொடுங்கள்.

நாகர்கோவில்: கடைசிக் காட்சியில் ஊர்ப் பெரியவர் வந்து கருத்தைச் சொல்லலாமா?

வேண்டாம்.

சேலம்: நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' பெண்ணுரிமைப் பிரசாரம்தானே?

1879இல் மேடையேறிய நாடகம். நோரா கணவனையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு வெளியேறுகிறாள். பிள்ளைகளை விட்டுப் போகிற முடிவை நடிக்க மாட்டேன் என்று ஜெர்மன் நடிகை ஒருவர் மறுத்தார். வேறு யாரோ கைவைப்பதற்குள் தானே மாற்றிவிடலாம் என்று இப்சன் இன்னொரு முடிவு எழுதிக் கொடுத்தார்: பிள்ளைகள் தூங்கும் அறை வாசலில் நோரா சரிந்து விழுகிறாள். அது காட்டுமிராண்டித்தனம் என்று சொன்னவரும் அவரேதான். 1898இல் நார்வே பெண்ணுரிமைச் சங்கத்தார் விருந்தளித்தபோது, அந்த இயக்கத்துக்காகத் திட்டமிட்டு உழைத்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை; மனிதர்களைச் சித்திரிப்பதே தன் வேலை என்றார். நான் அதை நம்புகிறேன். நேசிக்கும் ஒருவருக்காகக்கூட எந்த ஆணும் தன் மானத்தைப் பலியிட மாட்டான் என்று கணவன் சொல்கிறான். அவன் அதை மனதார நம்பிச் சொல்வதால்தான், லட்சக்கணக்கான பெண்கள் பலியிட்டிருக்கிறார்கள் என்ற நோராவின் பதில் நெஞ்சில் தைக்கிறது.

கோவை: பெரியவருக்குப் பதில் பாடகர் குழு கருத்தைச் சொன்னால்?

நாகர்கோவில்காரருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

திருச்சி: பிரதிக்குப் போலீஸ் அனுமதி தேவையா?

வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது, அங்கிருந்து விசாரியுங்கள்.

சென்னை: எதிரிக்கு நல்ல வசனம் கொடுத்துத்தான் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் தோற்றார். அவருடைய 'துணிச்சல் தாய்' நாடகத்தின் நாயகி போரை வைத்துப் பிழைக்கும் வியாபாரி. 1941இல் சூரிச்சில் மேடையேறியபோது அவளுக்காக மக்கள் பரிதாபப்பட்டார்கள். கொள்கை என்னாயிற்று?

நல்ல அடி. பிரெக்டுக்கும் அது உறுத்தியது. அவளை இன்னும் கடுமையானவளாக மாற்றி எழுதினார். 1949இல் பெர்லினில் ஹெலன் வைகல் அந்த வேடமேற்றார். நாணயத்தைப் பல்லால் கடித்துப் பார்க்கும் வியாபாரி. மகன் உயிரை மீட்கும் பணத்துக்குப் பேரம் பேசுகிறாள், பேரம் நீள்கிறது, துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. வைகல் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்தார். குரல் வரவில்லை. பேரம் பேசியவளும் பெற்றவளும் ஒருத்தியே என்று தெரிகிற கணம் அது. அங்கே அழுதவர் போரை மன்னித்துவிட்டாரா?

சென்னை (மீண்டும்): அழுதவர் சிந்திக்க மாட்டார் என்பது பிரெக்டின் வாதமாயிற்றே!

அவருடைய கோட்பாட்டில் அப்படி இருக்கலாம். அவருடைய மேடை அதைவிடப் பெரியது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் இழந்தவள் தனியாக வண்டியை இழுத்துக்கொண்டு படைக்குப் பின்னால் போகிறாள். அவளைத் திருத்தி ஒரு வசனம் பேசவைப்பது எளிது. பிரெக்ட் செய்யவில்லை.

ஈரோடு: கதை முடிந்ததும் திரையில் கருத்தை எழுதிக் காட்டலாமா?

இத்தோடு மூன்று முறை. வேண்டாம், வேண்டாம்.

தஞ்சாவூர்: என் நாடகத்தில் கந்துவட்டிக்காரர் வில்லன். பிரதியை அனுப்பட்டுமா?

அனுப்புங்கள். அதற்குமுன், தான் நியாயஸ்தன் என்று அவர் தன் மனைவியிடம் சொல்லும் காட்சி ஒன்றை எழுதிச் சேர்த்துவிடுங்கள். அதைத்தான் முதலில் படிப்பேன்.