கேளுங்க சொல்றேன்: கல்லறைப் பக்கத்துல பிரமிட் இருந்தா மந்திரவாதியா?

கேள்வி: சார், எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. புல்தரை நடுவுல கல்லுல செஞ்ச பிரமிட், அதுல சிலுவையும் கிரீடமும் செதுக்கி இருக்கு. கீழ "யெகோவாவின் சாட்சிகள் சபைய ஆரம்பிச்ச சார்ல்ஸ் டேஸ் ரசல் ஒரு ஃப்ரீமேசன், ரகசிய மாந்திரீகம் பண்ணவர், இதோ அவர் கல்லறையே சாட்சி"ன்னு போட்டிருந்தாங்க (ஃப்ரீமேசன்னா சடங்கெல்லாம் வச்சிருக்கற ஒரு ரகசிய சங்கத்து ஆளாம்). எங்க சித்தி வீட்ல அந்த சபைக்குத்தான் போறாங்க, அவங்க அழாத குறை. இது உண்மையா? (பேர் போட வேணாம்னு கேட்ட வாசகி)

பதில்: மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, நான் அந்த சபை கிடையாது, ரசல் சொன்னதுல முக்காவாசி எனக்கு ஒப்புதலும் கிடையாது, முடிவு காலத்துக்கு நாள் குறிச்சு நாள் குறிச்சு ஜனங்கள காக்க வச்ச மனுஷன்னு அவர் மேல எனக்கு கோவமே உண்டு. ஆனா ஒருத்தர திட்டணும்னா அவர் செஞ்ச தப்புக்கு திட்டணும், செய்யாததுக்கு திட்டக் கூடாது இல்லையா.

இப்ப அந்த பிரமிட். அது போட்டோஷாப் இல்ல, நிஜமாவே இருந்துச்சு. பிட்ஸ்பர்க் பக்கத்துல ரோஸ்மாண்ட்னு ஒரு கல்லறைத் தோட்டம், அங்கதான் ரசல அடக்கம் பண்ணாங்க. 1916 அக்டோபர் 31, டெக்சஸ்ல பாம்பாங்கிற ஊர் பக்கம் ரயில்ல போயிட்டு இருக்கும்போதே இறந்துட்டார், அப்ப வயசு 64. அவருக்குன்னு தனியா ஒரு நடுகல் இருக்கு, பிரமிட் அதுக்கு கொஞ்சம் தள்ளி, அவர் நடத்தின சொசைட்டியோட (காவற்கோபுர சங்கம்) ஆளுங்கள புதைக்கற மொத்த இடத்துக்கும் பொதுவான நினைவுச்சின்னமா அவர் இறந்து சில வருஷம் கழிச்சு வச்சது. அங்க புதைக்கிறவங்க பேரெல்லாம் அதோட பக்கங்கள்ல செதுக்கறதாத்தான் பிளான். "அவருக்கு அதுல சம்பந்தமே இல்ல"ன்னு சொல்லி உங்க சித்திய சமாதானப்படுத்த நான் ரெடி இல்ல, ஏன்னா டிசைனுக்கு அவரே சரின்னு சொன்னதா அவங்க தரப்பு பழைய பதிவே இருக்கு. சரி, பிரமிட் மேல அவருக்கு ஏன் அவ்ளோ ஆசை? கேள்வி அங்கதான் இருக்கு, ஆனா ஃபார்வர்ட் பண்றவங்க யாரும் அதக் கேக்கறதில்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டுல கிசா பெரிய பிரமிட் மேல ஒரு பைத்தியமே இருந்துச்சு, அதுவும் யாருக்குன்னு நினைக்கறீங்க, பைபிள கரைச்சுக் குடிச்ச ஆளுங்களுக்கு. 1859ல லண்டன்ல ஜான் டெய்லர்னு ஒருத்தர் இத எகிப்துக்காரங்க தானா யோசிச்சு கட்டல, கடவுளோட தூண்டுதல்ல கட்டினதுன்னு எழுதினார். அத புடிச்சுகிட்டு 1864ல சார்ல்ஸ் பியாசி ஸ்மித் தடிமனா ஒரு புக்கு போட்டார். அவர் ஏதோ மரத்தடி ஜோசியர் இல்லைங்க, ஸ்காட்லாந்துக்கே அரசு வானியலாளர், அடுத்த வருஷம் எகிப்துக்கே நேர்ல போய் அளந்துட்டு வந்தவர். பிரமிடுக்குன்னே தனியா ஒரு இஞ்ச் இருக்குன்னு கண்டுபுடிச்சு (நம்ம இஞ்சுக்கும் அதுக்கும் ஆயிரத்துல ஒரு பங்குதான் வித்தியாசம்), பிரிட்டிஷ் இஞ்ச் கடவுள் குடுத்தது, பிரெஞ்சுக்காரன் மீட்டர் நாத்திகம்னு சண்டை வேற போட்டாங்க. 1877ல ஜோசஃப் சைஸ்னு பிலடெல்ஃபியா லூத்தரன் பாஸ்டர் ஒருத்தரும் கல்லுக்குள்ள ஒரு அற்புதம்னு பிரமிட பத்தி புக்கு எழுதினார். அவர யாரும் சூனியக்காரன்னு சொன்னதில்ல, இன்னைக்கும் பல சபைல மரியாதையாத்தான் படிக்கறாங்க.

எல்லாருக்கும் ஒரே ஆதாரம் ஏசாயா 19:19, "எகிப்துதேசத்தின் நடுவிலே கர்த்தருக்கு ஒரு பலிபீடமும், அதின் எல்லையருகே கர்த்தருக்கு ஒரு தூணும் உண்டாயிருக்கும்". அந்தத் தூண்தான் இந்தப் பிரமிட்னு நம்பிட்டாங்க. 1891ல ரசல் தன்னோட பைபிள் விளக்கப் புத்தக வரிசையில மூணாவது வால்யூம்ல பிரமிடுக்குன்னு ஒரு அத்தியாயம் எழுதி, கையெழுத்துப் பிரதிய ஸ்மித்துக்கே அனுப்பி பார்க்கச் சொல்லித்தான் அச்சுக்கு விட்டார். தப்புதான், ஆனா தப்பு எந்த ரகம்னு பாருங்க, பைபிள் வசனத்த தப்பா ஒரு கட்டடத்து மேல ஒட்டின தப்பு. மந்திரம் சொல்லல, எந்திரம் எழுதல, ஆவிய கூப்பிடல. டேப்ப எடுத்துகிட்டு போய் ஒரு சுவத்த அளந்தாங்க, அவ்ளோதான்.

அந்த அளவுலயும் அவருக்கு ஆப்பு இருக்கு, அத எதிராளிங்க சொல்றதே இல்ல, சொன்னா நல்லா வலிக்கும். மொதல் பதிப்புல ஒரு சுரங்கப் பாதைய 3416 இஞ்ச்னு போட்டு, ஒரு இஞ்ச் ஒரு வருஷம்னு கி.மு. 1542ல இருந்து எண்ணி, உபத்திரவ காலம் ஆரம்பிக்கற வருஷம்னு 1874க்கு கொண்டு வந்தார். பின்னாடி வந்த பதிப்புல அதே பாதை 3457 இஞ்ச் ஆகி கணக்கு 1915க்கு போயிடுச்சு. நாலாயிரம் வருஷமா அசையாம கிடந்த கல்லு இருபது வருஷத்துக்குள்ள 41 இஞ்ச், கிட்டத்தட்ட மூன்றரை அடி வளந்துருக்கு! இத வச்சு அவர கேளுங்க, நானும் கூட நிக்கறேன். இத்தனைக்கும் தொல்லியல் ஆய்வாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி 1880ல அங்க போய் ஒழுங்கா அளந்து ஸ்மித் கணக்க கவுத்துட்டார். தியரிக்கு ஒத்து வரலன்னு ஒரு ஆசாமி பிரமிடுக்குள்ள இருக்கற ஒரு கிரானைட் முண்ட அரத்தால ராவிகிட்டு இருந்தத பார்த்தேன்னு பெட்ரி எழுதியிருக்கார். எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது, எப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும்.

கேள்வி: "நான் ஒரு ஃப்ரீமேசன்"னு ரசலே மேடைல சொன்னதா ஒரு கட்டிங் சுத்துதே, அதுக்கு என்ன சொல்றீங்க? புக்கு அட்டைல எகிப்து சூரியன் ரெக்கையோட இருக்கே, அது? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: சொன்னார் தம்பி, 1913ல சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பேசும்போது சொன்னார். மீட்டிங் நடந்த ஹாலே மேசன்களோட ஹால். இந்த கட்டடத்துக்காரங்களோட ஒத்துப்போற விஷயம் சிலது எனக்கும் இருக்கு, நானும் ஒரு மேசன்தான், என்னோட கொத்தனார் இயேசு, நாங்க கட்டறது கடவுளோட ஆலயம், எங்க லாட்ஜோட (மேசன்கள் தங்களோட சங்கக் கிளைய அப்படித்தான் சொல்வாங்க) தலைவர் அவர்தான், அப்படின்னு சிலேடையா போகுது பேச்சு. மேசன்னாலே கல்கொத்தர்தானே. அதே பேச்சுலயே நான் மேசனா ஒருநாளும் இருந்ததில்லைன்னும் சொல்றார். அந்த வரிய வெட்டிட்டு முன்னாடி வரிய மட்டும் போட்டா எப்படி? கல்யாண வீட்ல போய் "நானும் இந்த வீட்டு மாப்பிள்ளைதான்"னு ஒருத்தர் தமாஷா சொன்னா அவருக்கு தாலிக்கயிறு தேடுவீங்களா. போதாததுக்கு ரகசிய சங்கத்துல எல்லாம் சேராதீங்கன்னு அவரே எழுத்துல சொல்லிட்டு வந்தவர்.

கல்லறைத் தோட்டம் பக்கத்துல மேசன்களோட சென்டர் இருக்குங்கறதும் ஒரு பாயிண்டா வருது. இருக்கு, ஆனா அவர் செத்து பல பத்து வருஷம் கழிச்சு வந்த கட்டடம் அது. பக்கத்து பிளாட்ட யாரு வாங்குவாங்கன்னு செத்தவர் எப்படிங்க பார்த்துகிட்டு இருக்க முடியும்.

சூரியன்: ரெக்கை வச்ச சூரியன் எகிப்து சின்னம்தான், மறுக்கல. ஆனா பைபிள் காரங்க அத பார்த்தா மனசுல வர்றது மல்கியா 4:2, "நீதியின் சூரியன் உதிக்கும், அதின் செட்டைகளின்கீழ் ஆரோக்கியம் இருக்கும்". செட்டைன்னா ரெக்கை. சிலுவையும் கிரீடமும் அதே கதை, "மரணபரியந்தம் உண்மையாயிரு, ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்"னு வெளிப்படுத்தின விசேஷத்துல இருக்கு, மேசன்கள்ல ஒரு பிரிவும் அத வச்சிருக்காங்க, கிறிஸ்டியன் சயின்ஸ்ங்கற சபைக்காரங்களும் வச்சிருக்காங்க, குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக்காரர் வில்லியம் பென் "சிலுவை இல்லாட்டி கிரீடம் இல்ல"ன்னு 1669லயே தலைப்பு வச்சுட்டார். சின்னத்த வச்சு ஆள புடிக்க ஆரம்பிச்சா டாலர் நோட்டு வச்சிருக்கறவன் பூரா உள்ள போகணும், அதுலயும் பிரமிட் இருக்கு.

சாகும்போது துணிய ரோமன் அங்கி மாதிரி சுத்திகிட்டார், அது மேசன் சடங்குன்னும் ஒண்ணு சொல்றாங்க. உடம்பு ரொம்ப முடியாம ரயில்ல படுத்திருந்த மனுஷன் கூட வந்தவர்கிட்ட போர்வைய அப்படி கட்டிவிடச் சொன்னது அது. விடுங்க.

கேள்வி: எதுவா இருந்தாலும் நெருப்பில்லாம புகையுமா? ஆவியுலகத்தோட எந்தத் தொடர்பும் இல்லாதவர பத்தி ஏன் இவ்ளோ பேச்சு? (மூத்த வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, புகை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா ஒரு வேடிக்கை இருக்கு. பிரமிடுக்கு சாத்தான் பேர மொதல்ல பலமா ஒட்டினது வெளியாள் இல்ல, ரசலுக்கு அப்புறம் அதே சொசைட்டிக்கு தலைவரா வந்த ரதர்ஃபோர்ட். 1928 நவம்பர், டிசம்பர் ரெண்டு இதழ்ல காவற்கோபுரம் பத்திரிகையிலயே பிரமிட் கடவுள் கட்டச் சொன்னதில்ல, சாத்தானோட ஏற்பாடுன்னு அடிச்சு எழுதிட்டார். 1931ல அட்டைல இருந்த சிலுவை கிரீடத்தையும் எடுத்தாச்சு, அதே வருஷம்தான் யெகோவாவின் சாட்சிகள்ங்கற பேரும் வந்துச்சு. அதாவது ரசல் இருந்த வரைக்கும் அந்தப் பேரே கிடையாது, அவங்க பைபிள் மாணாக்கர்கள்தான், அதனால அந்த போட்டோ கேப்ஷன் மொத வரிலயே பாதி தப்பு. 1928ல வந்த தீர்ப்ப 1891லயே இருந்த மாதிரி தேதி போட்டு, தெரிஞ்சே சாத்தானோட கட்டடத்த கும்பிட்டார்னு சொல்றாங்க. அவர் மனசுல அது கர்த்தரோட தூண்.

ஆவி சமாச்சாரத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு பெரிய பாயிண்ட். 1848ல நியூயார்க் மாகாணத்துல ஹைட்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர்ல ஃபாக்ஸ் சகோதரிகள் வீட்ல டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டு, செத்தவங்க பேசறாங்கன்னு கிளம்பினதுதான் அமெரிக்கால ஆவி அலை. ரசல் பொறந்தது 1852, அந்த அலைக்குள்ளயே வளந்தவர், ஊருக்கு ஊர் இருட்டு ரூம்ல மேஜைய சுத்தி உக்காந்து செத்த புள்ளைய கூப்பிட்டுகிட்டு இருந்த காலம். ஒரு ஆள் அமானுஷ்யத்துல இறங்கணும்னா அதவிட வசதியான காலம் கிடையாது. இவர் என்ன பண்ணார்? 1897ல ஆவியுலகத் தொடர்பு பத்தி வேதம் என்ன சொல்லுதுன்னு தனியா ஒரு சிறு புத்தகமே போட்டு, அதெல்லாம் பிசாசு வேலைன்னு எழுதினார்.

அதுவும் வெறும் வாய்ப்பேச்சு இல்ல, அவரோட மொத்த உபதேசமும் அப்படித்தான் நிக்குது. ஆத்துமா சாகாதுங்கறத அவர் ஏத்துக்கல, "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்"னு பிரசங்கி 9:5, செத்தவர் தூங்கறார், உயிர்த்தெழுதல் வரைக்கும் எதுவும் தெரியாது. அப்படி நம்பறவர் மேஜைய தட்டி யாரக் கூப்பிடுவார்? அந்தப் பக்கம் ஃபோன எடுக்கவே ஆள் இல்லைன்னு சொல்றவர். எரிநரகம் இல்லைன்னு சொன்னதுக்காக மத்த சபைங்க அவர திட்டினாங்களே, அந்த உபதேசமும் இதே வேர்ல இருந்து வந்ததுதான். ரெண்டையும் சேர்த்து வச்சு நரகத்த மறுத்தவர், அதோட செத்தவங்களோட பேசினவர்னு ஒரே வாயால குற்றம் சாட்ட முடியாதுங்க ஐயா, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணணும்.

அவர் மேல வேற புகார் நிறைய உண்டு, 1914க்கு நாள் குறிச்ச கணக்கு, அற்புத கோதுமைன்னு வித்த விவகாரம், மனைவி போட்ட பிரிவு கேஸ். அதெல்லாம் பதிவுல இருக்கு, பேசலாம்.

கேள்வி: என் அத்தான் அமெரிக்கா போறார், அந்த பிரமிட நேர்ல பார்த்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவா? (மொதல்ல கேட்ட வாசகியே)

பதில்: வேணாம்மா, 2021லயே அத எடுத்துட்டாங்க. அவரோட நடுகல்லு இருக்கு, வேணும்னா அத எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஆனா அதுல சிலிர்க்கற மாதிரி ஒண்ணும் இல்ல, உங்க குரூப்ல யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க.